தேடலில் வராத மென்பொருள்

விரல்கள் மறுபடியும் அதே சொல்லைத் தட்டின. தேடுபெட்டி எதையும் காட்டவில்லை. கட்டளைகளைத் தட்டும் கறுப்புத் திரையைத் திறந்து, தேடிய மென்பொருளை முழுப்பெயர் சொல்லிக் கேட்டபோது உடனே வந்தது. சரக்கு கடையில் இருக்கிறது. கணினியில் உள்ளதைத் தேடித்தரும் அட்டவணைதான் பழையது.

ப்ரமீளா டீச்சர் நாற்காலியை இன்னும் அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கேரளத்தில் கோதமங்கலம் பக்கத்துப் பள்ளியொன்றில் அவர் மலையாள ஆசிரியை. வேறு யாரும் முன்வராததால் கணினி லேபும் அவர் தலையில் விழுந்தது. லேப் கணினிகளின் லினக்ஸ் இயங்குதளத்தைக் கெடுத்தும் சரிசெய்தும் தானே கற்றுக்கொண்டவர். அந்தப் பெருமை கொஞ்சம் உண்டு.

நேற்று ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் சாயா குடிக்கையில், கணக்கு ஆசிரியர் தங்கச்சன் மாஷ், தான் புதிதாகச் சேர்த்த வடிவியல் மென்பொருள் லேப் மடிக்கணினியில் தேடினால் வரவில்லை என்றார்.

"மாஷ் கைவச்ச மிஷின் எதுதான் உருப்பட்டிருக்கு? நீங்க சாக்பீஸோட நிறுத்திக்குங்க," என்றார் டீச்சர்.

எல்லோரும் சிரித்தார்கள். மாஷ் சாயாவைப் பாதியில் வைத்தார். தன்னிடமிருந்த லேப் சாவியையும் பக்கத்தில் வைத்துவிட்டு, இனி பிள்ளைகளை அங்கே கூட்டிவரப்போவதில்லை என்று சொல்லிப் போனார்.

அட்டவணை ஏன் புதுப்பிக்கப்படவில்லை என்று டீச்சர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். அதைப் புதுப்பிக்க வாராவாரம் தானாக ஓடவேண்டிய நிரலின் அனுமதி நீக்கப்பட்டிருந்தது. தேர்வு நாட்களில் கணினிகள் திணறக்கூடாதென்று அதை நிறுத்திவைப்பதும், தேர்வு முடிந்ததும் திரும்ப ஓடவிடுவதும் லேப் வழக்கம். நிறுத்தியது அவர். ஓடவிட மறந்ததும் அவர்தான். அதற்கான கடவுச்சொல் வேறு யாருக்கும் தெரியாது.

ஓசைப்படாமல் சரிசெய்துவிட்டு, தானாகவே சரியாகிவிட்டது என்று சொல்லிவிடலாம். மாஷ் நம்பவும் செய்வார். அந்த நினைப்பு வந்ததற்கே டீச்சரின் காது சுட்டது.

அனுமதியைத் திருப்பிக் கொடுத்து, அட்டவணையைப் புதிதாகக் கட்டும்படி கணினிக்குக் கட்டளையிட்டார். பிறகு சாயா நேரம்வரை காத்திருந்து, மடிக்கணினியோடு ஸ்டாஃப் ரூமுக்குப் போனார். சிரித்தவர்கள் எல்லோரும் இருக்கவேண்டும்.

"மாஷே, தப்பு என்னோடது. பரீட்சைக்காக நிறுத்தின புதுப்பிப்பை நான் திரும்ப ஓடவிடல. நீங்க செஞ்சதெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. நேத்து நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

யாரும் சிரிக்கவில்லை. சாயாவோடு வந்த பழம்பொரித் தட்டை யாரும் தொடவில்லை. மாஷ் நிமிரவும் இல்லை.

"தேடினா வருதா?" என்று மட்டும் கேட்டார்.

"நீங்களே பாருங்க."

டீச்சர் மடிக்கணினியைத் திறந்து, விசைப்பலகைமேல் மாஷ் விட்டுப்போன லேப் சாவியை வைத்து, இரண்டு கைகளாலும் அவரிடம் நீட்டினார்.