பின்பக்கம் ரெக்ஸின்

ஆகஸ்டு ஆறாம் தேதி, புதன்கிழமை, மாலை நான்கரை மணிக்கு அது தொடங்கியது. மாட்டுங்காவில் கல்லூரி முடிந்து செம்பூரிலுள்ள வீட்டுக்குப் போகும் வழியில், தாராவியில் என் காக்கா, அதாவது அண்ணன், நடத்தும் தோல்பைக் கடையில் உட்கார்ந்திருந்தேன். கடைக்கு மேலே, இரும்பு ஏணி ஏறிப் போகும் அறைதான் பட்டறை. அங்கே பீகாரிலிருந்து வந்த இரண்டு தையல்காரர்கள் வேலை செய்தார்கள். மழைக்காலத்தில் வியாபாரம் படுத்துவிடும். இருவரில் இளையவரை ஊருக்கு அனுப்பிவிடுவதா என்று காக்கா சில நாட்களாகவே யோசித்துக்கொண்டிருந்தார். வாஷியில் ஓர் அலுவலகம் தன் ஊழியர்களுக்குத் தீபாவளிப் பரிசாகத் தோல்பைகள் கேட்டிருந்தது. அந்த ஆர்டர் கிடைத்தால் இருவரும் இருப்பார்கள். அதை முடிவுசெய்ய அந்த அலுவலகத்தின் கொள்முதல் அதிகாரி அன்று வந்தார். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த தமிழர். ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர்.

எங்கள் தெருவில் தோலை மெய்ப்பிக்க ஒரு வழக்கம் உண்டு. வாங்க வந்தவர் கேட்பதற்கு முன்பே கடைக்காரர் லைட்டரை எடுத்து, பையின் மேல்மூடியில் சுடரைப் பிடிப்பார். தோலாக இருந்தால் ஒன்றும் ஆகாது. ரெக்ஸினாக இருந்தால் சுருங்கிப் பிளாஸ்டிக் வாடை அடிக்கும். மலிவு விலைப் பைகளிலும் மூடியும் முன்பக்கமும் நல்ல தோல்தான். பின்பக்கமும் பக்கவாட்டும் ரெக்ஸின். பின்பக்கத்தில் யாரும் சுடரைப் பிடிப்பதில்லை, பிடிக்கச் சொல்வதுமில்லை.

காக்கா லைட்டரைப் பற்றவைத்தார்.

"நல்லாப் பாருங்க சார். எவ்வளவு நேரம் புடிச்சாலும் ஒண்ணும் ஆவாது. பக்கா மால்."

"போதும் பாய், கடையக் கொளுத்திடாதீங்கோ. அப்புறம் நான் பைக்கு எங்கே போவேன்?"

இருவரும் சிரித்தார்கள். தேநீர் வந்தது. அவருக்குத் திருப்தி என்பது முகத்திலேயே தெரிந்தது. அப்போதுதான் என் மடியிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார்.

"என்னம்மா படிக்கறே?"

"இலக்கியம். இந்த வருஷம் அறவியலும் ஒரு பாடம்."

"அறவியலா! அப்போ நீ பொய்யே சொல்லப்படாது. சொல்லு பார்ப்போம், பை முழுக்கத் தோல்தானே?"

விளையாட்டாகத்தான் கேட்டார். கேட்கும்போதே குடையை எடுக்கக் கை நீட்டியிருந்தார். அவர் எதிர்பார்த்தது ஒரு தலையாட்டலை, அல்லது ஒரு சிரிப்பை. அது எனக்குப் புரிந்தது. புரிந்தும், "மூடியும் முன்பக்கமும் தோல். பின்பக்கமும் பக்கவாட்டும் ரெக்ஸின்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. குடையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்ப உட்கார்ந்தார்.

"நேக்குத் தெரியாதா, குழந்தே? எத்தனை வருஷமா வாங்கறேன்! இவர் சொல்ற ரேட்டுக்கு முழுத் தோல் யார் குடுப்பா? யாரும் சொல்லாதவரைக்கும் தோல்னு எழுதிக் கையெழுத்துப் போடுவேன். இப்போ வாயால சொல்லிட்டியே, எப்படிப் போடறது?"

"சார், அவ சின்னப்புள்ள, வெவரம் பத்தாது. நான் முழுத் தோலுலயே போட்டுத் தாறேன். வெலைய மட்டும் கொஞ்சம்..."

"அதுக்கு பட்ஜெட் இல்லையே பாய். மேல இருக்கறவா தோல்தான் வேணும்பா. ரெக்ஸின் ரேட்தான் தருவா."

பாதித் தேநீரை வைத்துவிட்டு மழையில் இறங்கிப் போனார்.

காக்கா வெகுநேரம் பையின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏளா, அவரு வேடிக்கைக்குல்லா கேட்டாரு? சிரிச்சிட்டு இருந்திருக்கலாம்லா?"

"கேட்டாரே, காக்கா."

"கேட்டாராம்! இத்தன வருசத்துல நான் யாருகிட்டயாவது முழுத் தோலுன்னு சொல்லிருக்கேனா? ஒரு வாட்டி சொல்லிருப்பேனா, சொல்லு?"

சொன்னதில்லை. அவர் பொய் பேசாத மனிதர்.

விளக்கு வைக்கும் முன்பே அவர் மேலே போய் இளைய தையல்காரரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்தார். தீபாவளிக்குப் பிறகு கூப்பிடுவதாகச் சொன்னாராம். அந்த இளைஞர் அன்றிரவு ரயிலில் இடம் கிடைக்குமா என்று மட்டும் கைப்பேசியில் பார்த்தாராம்.

வீட்டுக்குப் போகும் ரயிலில் ஜன்னலோரம் நின்றுகொண்டு இதையே நினைத்தேன். எங்கள் பாடநூலில் வரும் எடுத்துக்காட்டுகளில் ஏமாற்றுபவர் ஒருவர் இருப்பார், ஏமாறுபவர் ஒருவர் இருப்பார். பேசாதிருந்தது தவறா என்று அதன்பின் கேட்பார்கள். கடையில் இருந்த நாங்கள் மூவருமே எல்லாம் தெரிந்தவர்கள். ஏமாறப் போகிறவர் அங்கே இல்லை. அடுத்த மழைக்காலத்தில் வாஷி ரயிலின் நெரிசலில், பின்பக்கம் உரிந்த பையைப் பார்த்து, தீபாவளிக்குத் தந்தது தோல்பை என்றல்லவா சொன்னார்கள் என்று நினைத்துக்கொள்ளும் யாரோ ஓர் ஊழியர் அவர். அவருக்காகத்தான் பேசினேன் என்று சொல்லிக்கொள்ள ஆசையாக இருந்தது. ஆனால் பேசியபோது அவர் என் நினைவிலேயே இல்லை. என்னைக் கேட்டார்கள், சொன்னேன். நல்ல காரணம் குர்லா தாண்டிய பிறகுதான் கிடைத்தது. அதற்குள் ஒருவருடைய வேலை போய்விட்டிருந்தது. திரும்ப யாராவது கேட்டாலும் அதையேதான் சொல்வேன் என்று தோன்றியது. அந்த நினைப்பு தந்தது அசதியை மட்டுமே.

மறுநாள் காலை அறவியல் வகுப்பு இருந்தது. நான் போகவில்லை. தாராவிக்குப் போய் இரும்பு ஏணி ஏறினேன். மூத்த தையல்காரர் தைத்துக்கொண்டிருந்தார். பக்கத்து இயந்திரத்தில், இளையவரின் இடத்தில், காக்கா உட்கார்ந்திருந்தார்.

"காலேஜ் இல்லயா?"

"இருக்கு."

அவர் தைத்து முடித்த பைகளைக் காலால் என் பக்கம் நகர்த்தினார். தரையில் உட்கார்ந்து, கத்தரியை எடுத்து, பிசிறு நூல்களை நறுக்க ஆரம்பித்தேன்.