ஒழுக்கக் காப்பு

தொண்ணூறுகளின் கடைசியில் கோவில்பட்டியில் ஓர் ஆன்மிக மன்றத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்தேன். எயிட்ஸைத் தடுக்க ஒரே வழி புலனடக்கம்தான் என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்ல வேண்டும். மன்றத் தலைவரை எல்லோரும் அய்யா என்போம். பருத்திக் கமிஷன் கடை வைத்திருந்தவர். நல்ல மனிதர், கை சுத்தம். அதனாலேயே அவரோடு மல்லுக்கட்டுவது பெரும்பாடாக இருந்தது.

கூட்டம் முடிந்ததும் அய்யா ஒவ்வொருவர் கையிலும் மஞ்சள் கயிறு கட்டிவிடுவார். அதற்கு ஒழுக்கக் காப்பு என்று பெயர். கோயில் கொடைத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினால் எங்கள் பக்கத்து ஆட்கள் குடிக்க மாட்டார்கள், பெண்டாட்டி பக்கம்கூடப் போக மாட்டார்கள். அந்தப் பயத்தை வருஷம் முழுக்க நீட்டிவிடலாம் என்பது அவர் யோசனை. தீப்பெட்டி பண்டல் ஏற்றி வடக்கே போகும் லாரி டிரைவர்கள் வரிசையில் நின்று கட்டிக்கொண்டார்கள். ஊர் எல்லை தாண்டியதும் பாதிப் பேர் அவிழ்த்து எறிந்துவிடுவதாக லாரி செட்டிலேயே சொல்லிச் சிரித்தார்கள்.

"ஆணுறையைப் பத்தியும் ஒரு வார்த்தை சொல்லுவோம்யா" என்று கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

"அதைச் சொன்னா, போயிட்டு வாங்கன்னு நாமளே வழியனுப்புத மாதிரில்லாம்மா இருக்கும்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இடைசெவல் பக்கம் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் சாப்பாட்டு நேரத்தில் பேசப் போயிருந்தேன். பேசி முடித்ததும், குச்சி அடைக்கும் பெண் ஒருத்தி என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"அக்கா, எங்க வீட்டு ஆளு லாரி ஓட்டுதாவ. போயிட்டு வாரப்பல்லாம் புண்ணோட வாராவ. மருந்துக்கடையில மாத்திரை வாங்கித் தின்னுட்டு எங்கிட்டத்தான் வாராவ. நான் யாருகிட்டயும் போகலியே, நான் எதை அடக்கணும்?"

எனக்கு மன்றம் எழுதிக் கொடுத்திருந்த பேச்சில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. மன்றத்துக்குத் தெரியாமல் அரசு ஆஸ்பத்திரியில் நிரோத் உறை வாங்கிக் கொடுத்தேன். அடுத்த முறை போனபோது திருப்பிக் கொடுத்துவிட்டாள். கன்னம் வீங்கியிருந்தது. "ஏட்டி, இதெல்லாம் உனக்கு யாரு சொல்லிக்குடுத்தான்னு கேட்டு அடிச்சிட்டாவக்கா" என்றாள்.

அதற்குப் பிறகு நடந்த கூட்டத்தில், டிரைவர்கள் வரிசைக்குக் கடைசியில் அவளும் வந்து கையை நீட்டினாள். அய்யா முகத்தைக்கூடப் பார்க்காமல் கட்டிவிட்டார்.

காப்பு வேலை செய்தது. காப்புக் கட்டியவளைத் தொட்டால் தெய்வக் குத்தம் என்று மாமியாரே மகனை அதட்டி, கட்டிலை வெளியே போட வைத்தாளாம். லாரி லோடு ஏற்றிப் போய்த் திரும்பி வந்தது. அப்போதும் அவன் வெளியேதான் படுத்தான். அவள் அதைச் சொல்லிச் சிரித்தபோது எனக்கும் தாங்க முடியாத சந்தோஷம். அய்யாவின் ஒழுக்கம் முதல் தடவையாக ஒருத்திக்கு உதவியிருக்கிறதே!

எத்தனை நாள் பொறுப்பான்? மன்றத்துக்கே வந்து முறையிட்டான். அய்யா அவளை வரவழைத்தார்.

"காப்பு, வெளியூர் போற ஆம்பளைக்கும் கல்யாணமாகாத பிள்ளைகளுக்கும்மா. கட்டின புருசனைத் தள்ளி வைக்கவா குடுத்தேன்?"

நான் குறுக்கே விழுந்தேன். அவன் புண்ணோடு வருவதை அவன் முன்னாலேயே சொன்னேன். இவளுடைய விரதம் மட்டும் விரதம் இல்லையா என்று கத்தினேன்.

"இனிமே தப்பு பண்ண மாட்டேன்னு எங்கிட்ட சத்தியம் பண்ணிட்டான். குடும்பத்தைக் கலைக்கவா மன்றம் நடத்துதேன்?" என்றார் அய்யா. சூடம் கொளுத்தி, கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு, தம் கையாலேயே முடிச்சை அவிழ்த்தார்.

"அப்ப என்னை யாருய்யா காப்பாத்துவா?" என்று கேட்டாள். அவர் திருநீற்றுத் தட்டை நீட்டினார். அவள் பூசிக்கொண்டு புருஷன் பின்னால் பஸ் ஏறிப் போனாள்.

மறுவருஷம் அவள் பிள்ளை உண்டாகியிருந்தபோது ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து, எயிட்ஸ் கிருமி இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். புருஷன் வீட்டார் அவளைத் தாய் வீட்டுக்குத் துரத்தியதில் விஷயம் ஊருக்கே தெரிந்துபோயிற்று. அய்யா என்னைக் கூப்பிட்டு விட்டார். நிஜமான வருத்தத்தோடுதான் கேட்டார்.

"அடக்கமான பிள்ளைன்னுல்லா நெனச்சேன். யாருகிட்டம்மா போனா?"

"நீங்க அனுப்பி வச்ச எடத்துக்குத்தான்யா போனா" என்றேன்.