ஆமைப்பட்டிக்கு அடித்த நெல் மருந்து

1. போன்

குற்றாலத்தில் சீசன் தொடங்கி, சாரல் விடாமல் விழுந்துகொண்டிருந்த ஒரு காலை. அரசுக் கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றபின் தென்காசியில் ஒரு சின்ன கிளினிக் நடத்துகிறேன். ஒரு ஆட்டுக்குட்டிக்குக் கால் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அருவிக்குப் போகிற ரோட்டில் உள்ள ஒரு லாட்ஜின் மேனேஜர் கணேசன்.

"மேடம், நம்ம ஆமை ரெண்டும் ஒரு மாதிரி கெடக்கு. வாயில நுரை தள்ளுது. கொஞ்சம் வந்து பாத்துட்டுப் போங்க."

அந்த ஆமைகளை எனக்குத் தெரியும். நம் நட்சத்திர ஆமையை வளர்ப்பது குற்றம். இவை ஆப்பிரிக்கத் தரை ஆமைகள், லாட்ஜ் முதலாளி முறைப்படி பதிவு செய்து வைத்திருந்தார். பெரியது அண்டா மூடி அகலம், சின்னது சாப்பாட்டுத் தட்டு அளவு. தோட்டத்தில் சுற்றுச்சுவர் வைத்த ஒரு பட்டியில் இரண்டும் கிடக்கும்.

"நேத்து என்ன போட்டீங்க?"

"ஒண்ணும் போடல மேடம். பட்டியில எறும்பு மொய்க்குது, பிள்ளைங்களக் கடிக்குதுன்னு ஒரே கம்ப்ளைன்ட். அதான் எங்க வடகரை வயல்ல அடிச்சது போக மிச்சம் கெடந்த மருந்தைக் கொண்டாந்து, விடியக்காலம் அடிக்கச் சொன்னேன். நெல்லுக்கே ஒண்ணும் ஆகல, ஆமைக்கு என்ன ஆவப் போவுது?"

எனக்கு வந்த கோபத்தில் ஆட்டுக்குட்டியின் கட்டை இறுக்கிவிட்டேன் போல, அது கத்தியது. நெல்லுக்கு மூச்சு இருக்கிறதா, நரம்பு இருக்கிறதா? தரையோடு தரையாக நகர்ந்து, கிடைக்கிற இலையைக் கடித்துத் தின்கிற உயிர் இருக்கும் இடத்தில் பூச்சிமருந்து அடித்திருக்கிறார்கள். ஆமையை உடனே பட்டியை விட்டு வெளியே எடுக்கச் சொல்லி, கையில் உறை போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவவும் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

2. பெட்ஷீட்

நான் போனபோது தோட்டக் குழாயடியில் இரண்டு ஆமைகளையும் கழுவிக்கொண்டிருந்தாள் தோட்டவேலை பார்க்கும் சுப்புத்தாய். வெறும் கை. சாரலில் எல்லோரும் குளிரில் ஒடுங்கி நிற்கிறார்கள், அவளுக்கு மட்டும் முகமெல்லாம் வேர்வை. எச்சிலை விழுங்க முடியாமல் முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"என்னம்மா செய்யுது?"

"தலை சுத்துது டாக்டரம்மா. வாந்தியும் எடுத்துட்டேன். கண்ணு மசமசன்னு இருக்கு. ஒரு டீ குடிச்சா சரியாப் போவும்."

"மருந்து அடிச்சது யாரு?"

"நாந்தான். மேனேஜர் டப்பாவக் குடுத்தாரு."

"கையுறை, மூக்குக்கு ஏதாவது?"

"அதெல்லாம் யாரு தாரா? சேலையத்தான் வாயில கட்டிக்கிட்டேன். காத்து மூஞ்சிக்கு நேரா அடிச்சிச்சு."

அவள் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினேன். கண்மணி இரண்டும் ஊசி முனையாகச் சுருங்கியிருந்தன. ஆமைக்கு என்ன விஷமோ அதே விஷம் இவளுக்கும். என் பையில் இருந்ததெல்லாம் மிருகத்துக்கான மருந்து. மனுஷிக்கு ஊசி போட நான் டாக்டர் இல்லை.

"கணேசன், வண்டிய எடுங்க. இந்தம்மாவ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவணும்."

"மேடம், செக்-அவுட் நேரம், டிரைவர் கெஸ்டை விடப் போயிருக்கான். இவளுக்கு எப்பவுமே வேலை செய்ய மடி, சோம்பேறி. நீங்க ஆமையப் பாருங்க. முதலாளி கிளம்பி வந்துட்டு இருக்காரு."

அந்த லாட்ஜ் வாசலில் அன்றைக்கு நான் போட்ட சத்தம் அருவிச் சத்தத்தையும் மீறிக் கேட்டிருக்கும். குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வந்த டூரிஸ்டுகள் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும். கையுறையை மாட்டிக்கொண்டு சுப்புத்தாயின் கை, முகம், கழுத்தை எல்லாம் சோப்புப் போட்டுக் கழுவினேன். மருந்து பட்ட சேலையை மறைவில் களையச் சொல்லி, மாற்றுத் துணி இல்லாததால் வெளுத்து அடுக்கியிருந்த ஒரு பெட்ஷீட்டை எடுத்து அவளுக்குச் சுற்றினேன்.

"அது கெஸ்ட் பெட்ஷீட் மேடம்" என்றார் கணேசன்.

இத்தனை வருடம் கழித்தும் அந்த வார்த்தை என் காதில் கிடக்கிறது.

என் கார் சாவியை அவர் கையில் திணித்தேன். "நீங்களே ஓட்டுங்க. அந்த டப்பாவப் பையில போட்டு எடுத்துட்டுப் போங்க. என்ன மருந்துன்னு அங்கன டாக்டர் கேப்பாங்க." துணைக்கு ஒரு ரூம் சர்வீஸ் பெண்ணை ஏற்றிவிட்டேன். வண்டி கேட்டைத் தாண்டியபிறகுதான் ஆமைகள் பக்கம் திரும்பினேன்.

ஊசி போட்டேன், சலைன் ஏற்றினேன், ஈரம் துடைத்துக் காய்ந்த அறையில் பல்பு வெளிச்சத்தில் கிடத்தினேன். பெரியது மத்தியானத்துக்குள் தலையை உள்ளே இழுக்கவும் தெம்பில்லாமல் போய்ச் சேர்ந்தது. சின்னது மறுநாள் கண் திறந்தது.

3. முதலாளி

முதலாளி வாசுதேவநல்லூர்க்காரர். எல்லோரும் அண்ணாச்சி என்பார்கள். செத்துப்போன ஆமையைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பேத்தி பெயர் வைத்து வளர்த்த ஆமையாம். அதற்குள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்த கணேசன் முந்திக்கொண்டார்.

"கேக்காமக் கொள்ளாம எதையோ எடுத்து அடிச்சுட்டா அண்ணாச்சி. படிக்காத பொம்பள."

"அப்ப அவளை நிப்பாட்டிரு" என்றார் அண்ணாச்சி.

நான் கை கழுவிக்கொண்டிருந்தேன். அப்படியே திரும்பினேன். "கணேசன், காலையில போன்ல என்கிட்ட சொன்னத அண்ணாச்சிகிட்டயும் சொல்லுங்க."

அவர் போனை எடுத்து நோண்ட ஆரம்பித்தார்.

"சரி, நான் சொல்லுதேன்." வடகரை வயல், மிச்ச மருந்து, நெல்லுக்கே ஒண்ணும் ஆகல என்ற பேச்சு, பெட்ஷீட் எல்லாவற்றையும் சொன்னேன். "ஆமைக்கு டாக்டரக் கூப்பிட்டாரு, நல்லது. அந்தம்மா உங்க தோட்டத்துல வாந்தி எடுத்துக்கிட்டு நின்னா. அவளுக்கு யாரக் கூப்பிட்டாரு? இன்னும் கொஞ்சம் போயிருந்தா அவளும் இந்த ஆமை மாதிரிதான் கெடந்திருப்பா."

அண்ணாச்சி கணேசனை வெளியே போகச் சொன்னார். பிறகு என்னிடம் தணிந்த குரலில், "சீசன் நேரம் டாக்டர். இது வெளிய போவ வேண்டாம்" என்றார்.

"ஆஸ்பத்திரி டாக்டர்கிட்ட போன்ல எல்லாத்தையும் சொல்லிட்டேன் அண்ணாச்சி. இனி அது என் கையில இல்ல."

சாயங்காலம் அவர் ஆஸ்பத்திரிக்குப் போனார். சுப்புத்தாயின் வேலை போகவில்லை. கணேசன் வேலையும் போகவில்லை. அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

4. எறும்பு

எறும்பை அப்படியே விடவும் முடியாது. உடம்பு தேறாத ஆமையின் கண்ணையும் வால் அடியையும் அது கடித்துப் புண்ணாக்கிவிடும். ஆனால் எறும்பு ஏன் வருகிறது என்று அந்த லாட்ஜில் ஒருவரும் கேட்கவில்லை. பட்டிக்குள் எட்டிப் பார்த்தாலே போதும். வாழைப்பழத் தோல், பஜ்ஜித் துண்டு, அல்வா. எல்லாம் சுவருக்கு மேலிருந்து கெஸ்டுகள் எறிந்தவை.

மருந்து பட்ட மண்ணை அள்ளிப் பத்திரமாக அகற்றச் சொல்லி, சின்ன ஆமைக்குப் பின்பக்கம் புதுப் பட்டி கட்டினோம். சுவருக்கு வெளியே சுற்றிலும் சிமெண்டில் ஒரு சின்ன வாய்க்கால் வைத்துத் தண்ணீர் நிறுத்தினோம். உள்ளே வைத்தால் ஆமை தவறி விழும். கொசு வராமலிருக்க அந்தத் தண்ணீரை அடிக்கடி மாற்ற வேண்டும். மேலே சாய்ந்திருந்த செம்பருத்திக் கிளைகளை வெட்டினோம், அதுதான் எறும்புக்குப் பாலம். புல்லும் கீரையும் ஒரு கல்லின்மேல் வைத்து, தின்றது போக மிச்சத்தை உடனே எடுத்துக் கல்லைக் கழுவிவிட வேண்டும். சுவரில் எறும்பு போன தடத்தைச் சோப்புத் தண்ணீரால் துடைத்து, பிறகு நல்ல தண்ணீர் விட வேண்டும். வெளியே புற்று தென்பட்டால் கொதிக்கிற வெந்நீர், அதுவும் பட்டியை விட்டுத் தள்ளி இருந்தால் மட்டும். எறும்புப் பவுடர், எறும்புச் சாக்பீஸ், ஸ்பிரே எதுவும் அந்தப் பக்கமே வரக்கூடாது.

"கெஸ்ட் பிள்ளைங்க ஊட்டக் கூடாதுன்னா ஆமை எதுக்கு மேடம்?" என்று கேட்டார் கணேசன்.

உடம்பு தேறி வேலைக்கு வந்த சுப்புத்தாய் சொன்னாள்: "இனி டப்பாவக் கையில குடுத்தாருன்னா, 'நீங்க அடிங்க சார், நான் பாத்துக்கிட்டு நிக்கேன்'னு சொல்லிருவேன் டாக்டரம்மா."

புதிதாக இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். விஷம் பட்டது என்று ஒரு மாட்டையோ நாயையோ ஆமையையோ கொண்டுவந்தால், அதன் வாயைத் திறந்து பார்க்கும் முன் கேளுங்கள்: மருந்து அடித்தது யார், அந்த ஆள் இப்போது எங்கே? அந்த ஆளைக் கண்முன் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லுங்கள். பெரும்பாலும் அவரைப் பற்றி உங்களிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள்.