மாமாவின் காற்றுச் சட்டை

விரலளவு குப்பி ஒன்றுக்காக எங்கள் மாமாவை விமான நிலைய வாசலில் நிறுத்தி வைத்தார்களே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மாமா அம்மாவின் தம்பி. குருநகரில் எங்கள் ஆட்கள் எல்லோரையும் போலக் கடலுக்குப் போனவர். கப்பல் வேலை கிடைத்து, பலாலியிலிருந்து சென்னைக்குப் பறந்து அங்கிருந்து கப்பலேறப் புறப்பட்டார். பெரிய மாமா கடலுக்குப் போய்த் திரும்பாமல் விட்டதிலிருந்து அம்மாவுக்குக் கடலில் நம்பிக்கை கிடையாது. நோர்வேயிலிருந்து பெரியம்மா அனுப்பிய உயிர்காக்கும் சட்டையைப் பங்குத்தந்தையிடம் கொண்டுபோய், புது வள்ளத்தை மந்திரிப்பது போலவே மந்திரித்து வாங்கி, உள்ளே அந்தோனியார் பதக்கத்தையும் தைத்து, தன் கையாலேயே மாமாவின் பெட்டியில் வைத்தாள். கயிற்றை இழுத்தால் சட்டைக்குள் இருக்கும் காஸ் குப்பி திறந்து அது ஊதிக்கொள்ளும்.

வழியனுப்பிவிட்டு அம்மாவும் அப்பாவும் நானும் வீடு திரும்பப் புறப்படுகையில், ஓர் அதிகாரி மாமாவையும் சட்டையையும் வாசலுக்குக் கூட்டி வந்தார்.

"இதுக்குள்ளை இருக்கிறது அமுக்கின காஸ். ஆபத்தான சாமான். விமானக் கொம்பனியின்ரை அனுமதிக் கடிதம் இல்லாமல் விடேலாது. நீங்கள் வீட்டை கொண்டு போங்கோ."

ஆபத்தாம்! விமானத்தில் ஒவ்வோர் இருக்கைக்கும் கீழே இதே போன்ற சட்டை குப்பியோடு இருப்பதை நான் போனில் படமாகப் பார்த்திருந்தேன். மனிதரைக் காப்பாற்றச் செய்த ஒன்றைப் பட்டாசோடும் பெற்றோலோடும் தடைப் பட்டியலில் சேர்த்து எழுதி வைத்தவனுக்கு மூளை இருந்திருக்குமா? அப்பாவின் சேட்டுக் கையை இழுத்து இழுத்து இதைச் சொன்னேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார்.

மாமா அதை விட்டுவிட்டுப் போகத் தயாராகத்தான் இருந்தார். கப்பலில் வேறு சட்டை தருவார்களாம். அம்மா கையைக் கட்டிக்கொண்டு அதை வாங்க மறுத்தாள்.

"உது இல்லாமல் நீ போகத் தேவையில்லை. வா, வீட்டை போவம்."

உள்ளே கடைசி ஆட்களையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த விமானத்தை விட்டால் கப்பல் மாமாவுக்காகக் காத்திருக்காது. வேலையும் போய்விடும். மாமாவின் முகம் வாடியே போயிற்று. எனக்கோ அம்மாவை நினைத்துப் பெருமை பிடிபடவில்லை. அநியாயத்தை எதிர்த்து நிற்க எங்கள் வீட்டில் ஒருத்தியாவது இருக்கிறாளே!

கல்நெஞ்சன் என்று நான் முடிவுகட்டியிருந்த அந்த அதிகாரி மாமாவை ஒருதரம் பார்த்தார். தொலைபேசியில் விமானக் கொம்பனிக்காரரோடு மன்றாடும் குரலில் பேசினார். பிறகு உள்ளே போய் இரண்டு தாள்களோடு வந்து, குப்பியின் அளவைப் பார்த்து எழுதி, மாமாவிடம் கையெழுத்து வாங்கினார். சட்டையும் போகலாம், மாமாவும் போகலாம்.

நான் துள்ளிக் குதித்தேன். அம்மா அசையவில்லை. மாமா உள்ளேயிருந்து கையசைத்தபோதும் அவள் கை எழவில்லை.

திரும்பும் வழியெல்லாம் நான் அந்த அதிகாரியைத் திட்டிக்கொண்டே வந்தேன். கடிதம் வேண்டுமென்று ஒருவரும் முதலே சொல்லவில்லையே என்று அப்பாவும் அலுத்துக்கொண்டார்.

"சொன்னவ," என்றாள் அம்மா, வெளியே பார்த்தபடி. "நோர்வே அக்கா போன மாதமே போனிலை சொன்னவ."

அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். என் ஆத்திரம் முழுவதும் அம்மா பக்கம் திரும்பியது. வீட்டில் உப்பு முடிய முன்னமே உப்பு வாங்கி வைக்கிறவள், சொந்தத் தம்பியின் காரியத்தில் இப்படி மறதிக்காரியாக இருக்கலாமா? பல நாள் அவளோடு நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. வளரும் வரை அது மறதி என்றே நம்பியிருந்தேன்.