திட்டு வாங்கிக் கற்ற மொழி

பிழைக்கப் போன அயல்நாட்டில், ஓட்டலின் அடித்தளச் சலவைக்கூடத்தில் வருடக்கணக்காக வெந்தவர் மச்சான். அங்கே எல்லோருக்கும் அவர் மச்சான்தான். ஆவி பட்டுப் பட்டு இருமல் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. “இனியும் அங்கே நின்றால் நுரையீரல் தாங்காது” என்று மருத்துவர் எச்சரித்துவிட்டார். அந்தச் சமயம் பார்த்து மேலே வரவேற்பு மேசைக்கு ஆள் தேடினார்கள். மச்சானுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அந்த ஊர் மொழிதான் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடாயிற்றே!

“எதுக்கும் என்கூட சாயங்கால வகுப்புக்கு வாங்களேன்” என்றாள் மனைவி.

“போடி! நீ காசு குடுத்துப் படிக்கிறதை நான் சம்பளம் வாங்கிக்கிட்டே படிச்சவன். பாடப் புத்தகத்துல வர்ற மாமாவோட குதிரை என்ன நிறம்னு அழகா சொல்ற. கடையில விரலை நீட்டித்தானே வெங்காயம் வாங்குற?”

“சரி, ‘தயவுசெய்து’க்கு இங்க என்ன சொல்வாங்க?”

மச்சான் மோவாயைச் சொறிந்தார். “அதை எங்கிட்ட யாரும் சொன்னதில்லையே.”

“அதைத்தான் நானும் சொல்றேன்.”

சோதனை நாள். இரவல் கோட்டில் மச்சான் விறைப்பாக நின்றார். மழையில் நனைந்த முதிய தம்பதி பெட்டிகளோடு உள்ளே வந்தார்கள். மச்சான் அந்த ஊர் மொழியில், தங்குதடையின்றி முழங்கினார்: “ஏய்! பெட்டியை ஓரமா வை! கண்ணு எங்க இருக்கு? எத்தனை தடவை சொல்றது?”

உச்சரிப்பில் ஒரு குறை சொல்ல முடியாது. சலவைக்கூடத்து மேற்பார்வையாளரின் குரல் அச்சு அசலாக அப்படியே வந்தது. பெரியவர் நடுங்கிப்போய்ப் பெட்டியை ஓரத்தில் வைத்தார். மச்சான் பெருமையோடு, பக்கத்தில் நின்ற ஓட்டல் மேலாளரைப் பார்த்தார்.

மேலாளர் விருந்தினரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, இவரைத் தனியே அழைத்தார். “இந்தப் பேச்சை எங்கே கற்றாய்?”

“கீழே.”

பழைய மேற்பார்வையாளர் அந்த மாதம் வேலையை விட்டுப் போகவிருந்தார். அந்த இடத்துக்கு இப்படியொரு வாய் லேசில் கிடைக்குமா? மேலாளர் மச்சானை அதே ஆவிக்குள் திருப்பி அனுப்பினார்.

“மேல போறேன்னு சொன்னீங்க?” என்றாள் மனைவி.

“பதவி உயர்வுடி!” என்றார், இருமலுக்கு நடுவே.

சலவைக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த இருவர் மொழி வகுப்பு பற்றி விசாரித்தார்கள். அதெல்லாம் தண்டச்செலவு என்று மச்சான் விரட்டிவிட்டார். இப்போது அவர்களும் சம்பளம் வாங்கிக்கொண்டே படிக்கிறார்கள்.