ஆரோக்கியசாமி சார் அறுக்காமல் விட்ட நெல்

ஷேர் ஏஜென்ட் வேலையில் லாபம் வந்தால் அது வாடிக்கையாளரின் மூளை. நஷ்டம் வந்தால் அது ஏஜென்ட்டின் வாய். திருவிடைமருதூரில் கடை போட்டு இதை அனுபவித்துவரும் எனக்கு, இதே தொழிலில் மாட்டிக்கொண்ட உங்களிடம் சொல்லி அழக் கொஞ்சம் இருக்கிறது. எல்லாம் ஒரே மனிதரைப் பற்றித்தான். ரிட்டயர்டு கணக்கு வாத்தியார் ஆரோக்கியசாமி சார்.

ஏறியும் இறங்கியது

ஒரு கம்பெனியின் காலாண்டு ரிசல்ட்டுக்கு முதல் நாள், பங்கு ஏறும் என்று பந்தயம் கட்டுவதுபோல் சார் ஆப்ஷன் வாங்கினார். விலை அதிகம், வேண்டாம் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். மறுநாள் பங்கு ஏறியது. சார் எல்லோருக்கும் டீ சொன்னார். டீ வருவதற்குள் அவருடைய ஆப்ஷன் பாதி விலைக்கு இறங்கிவிட்டது.

விளக்கினேன். ரிசல்ட் வரப்போகிறது என்றால், பங்கு எவ்வளவு ஆடுமோ என்ற பயத்தையும் சேர்த்துத்தான் ஆப்ஷனுக்கு விலை வைப்பார்கள். அந்த எதிர்பார்ப்புக்கு ஐவி என்று பெயர். இதுவரை பங்கு நிஜமாக ஆடிய ஆட்டம் எச்வி. எச்வியைவிட ஐவி ரொம்ப உயரத்தில் இருக்கும்போது வாங்கினால், ரிசல்ட் வந்ததும் பயம் போகும், கூடவே விலையும் போகும். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்ப நான் வாங்குனது அடுத்தவன் பயத்தை. இதை நேத்தே சொல்றதுக்கு என்ன தம்பி?"

மறுநாள் மாலை

அதிலிருந்து எதைப் பார்த்தாலும் ஐவி, எச்விதான். மச்சினன் மகன் கல்யாணத்துக்கு மாலை வாங்கப் போனவர், முகூர்த்த நாளில் பூவுக்கு ஐவி கூடுதல் என்று வெறும் கையோடு போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார். மறுநாள் விலை விழுந்ததும் ரோஜா மாலையோடு மாப்பிள்ளை வீட்டில் போய் நின்றார். அவர் மனைவி பிலோமினா டீச்சர் நேராக என் கடைக்கு வந்துவிட்டார்.

"யாருக்கு என்னாச்சோன்னு அந்தப் புதுப்பொண்ணு அழுதுடுச்சு. நீங்க அவருக்கு என்னதான் சொல்லிக் குடுக்குறீங்க?"

மெஷின் வாடகை

தை மாதம், சாரின் ஒரே ஏக்கரில் சம்பா பழுத்து நின்றது. அந்த நெல்லை விற்றுத்தான் ஒழுகும் அடுப்படிக்குத் தளம் போடுவதாக டீச்சரிடம் வாக்குக் கொடுத்திருந்தார். கடலில் தாழ்வு நிலை என்று டிவியில் சொன்னதும் ஊரே அறுவடை மெஷினுக்கு ஓடியது. வாடகை ஏறக்குறைய இரண்டு மடங்கு. சார் என் கடையில் உட்கார்ந்து பழைய தை மாதங்களின் மழையைக் கூட்டிக் கழித்துப் பார்த்தார். எச்வி ஒன்றுமே இல்லை. பயம் அடங்கி வாடகை இறங்கட்டும் என்று, வீட்டு வாசலுக்கு வந்த மெஷின்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டார். நெல் சாய்ந்தால் டீச்சர் முதலில் வருவது என்னிடம்தான்.

மழை இங்கே வரவில்லை. திருத்துறைப்பூண்டிப் பக்கம் கொட்டிவிட்டுப் போனது. வாடகை பழையபடி இறங்கியது. சார் ஜெயித்துவிட்டார், எனக்கே பெருமையாக இருந்தது. எல்லோரும் கேட்கட்டும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டு மெஷின்காரரைக் கூப்பிட்டார்.

"ரேட்டு எறங்கிடுச்சு சார், வாஸ்தவம். ஆனா வண்டியெல்லாம் திருத்துறைப்பூண்டி சேத்துல நிக்குது. எப்ப வருவோம்னு எங்களுக்கே தெரியாது."

சந்தை லீவு

நெல் காத்திருக்கவில்லை. கதிரிலேயே உதிரத் தொடங்கியது. கையறுப்புக்கு ஆள் பிடித்ததில், கூலி மெஷினின் உச்ச வாடகையைத் தாண்டியது. ஆள் பற்றாததால் என்னையும் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை, சந்தை லீவு, தப்பிக்க வழியில்லை. ஆப்ஷன் விற்கிற கையில் அரிவாளைப் பிடித்து நான் அறுத்ததில் பாதி என் விரல். மதியத்துக்கு மேல், டிவி ஒரு வார்த்தை சொல்லாத மேகம் திரண்டது.

கடைசிக் கட்டு களத்துக்கு வந்து, தார்ப்பாய் மூடியதும் மழை பிடித்துக்கொண்டது. நெல் தப்பியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் கூலி போக மிஞ்சியது பாதித் தளத்துக்குத்தான் காணும். டீச்சர் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"பாதி அடுப்படிக்குத் தளம் போட்டுக்குவோம் தம்பி. மீதிக்கு, நான் சமைக்கையில உங்க சாரைக் குடை பிடிச்சுக்கிட்டு நிக்கச் சொல்லுங்க."

இப்போதெல்லாம் என் கடையில் யார் வந்து ஐவியையும் எச்வியையும் ஒப்பிட்டாலும், விலை இறங்குகிற அன்றைக்கு விற்கிறவன் ஊரில் இருப்பானா என்று மட்டும் கேட்டுவிட்டு விரலைத் தடவிக்கொள்கிறேன்.