கிள்ளானுக்குப் போன ஆறு சட்டிகள்

செவ்வாய்க்கிழமை மதியம் அலுவலகத்தில் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தபோது, தந்தி அறையிலிருந்து ஆள் வந்து சொன்னார்: கிள்ளானில் திரு. இராசையா காலமாகிவிட்டார். பாத்திரத்தைக் கழுவி முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். இந்த ஆண்டில் நண்பர்களுக்காக நான் எழுதும் மூன்றாவது அஞ்சலி இது. கை ஓய்ந்துவிட்டது. ஆனாலும் இதை வேறு யாராவது எழுதினால் அவரைப் புகழ்ந்துவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். நான் செய்ததைச் சொல்ல மாட்டார்கள்.

அவரை அறியாதவர்களுக்காக: திரு. இராசையா அவர்கள் யாழ்ப்பாணத்தவர். ரயில்வே சரக்கு அலுவலகத்தில் பதினான்கு ஆண்டுகள் எனக்கு அடுத்த மேசையில் எழுதியவர். சட்டையில் மைத்துளி படாமல் வேலை பார்க்க எங்கள் அலுவலகத்தில் அவர் ஒருவரால்தான் முடிந்தது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் மூலை வீடு அவருடையது. வீட்டுக்கு முன்னால் இருந்த மாமரத்தில் ஆர்க்கிட் செடிகளைக் கட்டி வளர்த்தார்.

அந்தச் செடிகள் அதிகம் பூத்து நான் பார்த்ததில்லை. பழைய தண்டுகளின் கணுக்களில் குட்டிச் செடிகள்தான் முளைக்கும். "பூக்காத செடிக்கு இவ்வளவு உபசாரமா?" என்று நான் சீண்டுவேன். "பூ இரண்டு கிழமை நிக்கும், ஐசே. குட்டி நிண்டால் அது இன்னொரு செடி" என்பார்; என்னை ஐசே என்றுதான் கூப்பிடுவார். பிறகு குட்டியின் வேர் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று சொல்லத் தொடங்குவார். நான் பேப்பரை விரித்துக்கொள்வேன். பதினான்கு ஆண்டுகளில் ஒருநாளாவது காது கொடுத்துக் கேட்டிருக்கலாம்.

பிறகு ரப்பர் விலை விழுந்தது, ஆட்குறைப்பு வந்தது. சம்பளம் கூடியவர்களை முதலில் அனுப்பினார்கள். அவர் போனார், நான் தங்கினேன். அதோடு விட்டதா? காலியான அவருடைய மூலை வீடு எனக்கே ஒதுக்கப்பட்டது. சாவியை வாங்கும்போது அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

தாய்ச்செடிகளின் வேர்கள் மாமரப் பட்டையோடு ஒட்டிப்போயிருந்தன. பிய்த்தால் செத்துவிடும். குட்டிகள் ஆறு இருந்தன. கிள்ளானுக்குக் குடிபோய் அங்கே அவற்றைப் பெருக்கி விற்றுப் பிழைக்கலாம் என்று அவர் எண்ணியிருந்தார். அந்த வயதில் அவருக்கு வேறு வேலை யார் கொடுப்பார்கள்?

"இப்ப வெட்டாதேங்கோ. வேர் மூண்டு விரல் நீளம் வரட்டும். நானே வந்து எடுக்கிறன்" என்றார்.

நான் காத்திருக்கவில்லை. அவருக்கு ஏதாவது செய்துவிட்டால் என் மனம் ஆறும் என்று தோன்றியது. நானோ தஞ்சாவூர்ப் பக்கத்து நெல் விவசாயி வீட்டுப் பிள்ளை. முதல் மழை விழுந்ததும் நட்டுவிட வேண்டும் என்பது ரத்தத்தில் ஊறிய புத்தி. வேர் அரை விரல் நீளம்கூட இல்லை. ஆறையும் வெட்டினேன். மண்ணைச் சலித்து, மாட்டுக்கொட்டகையிலிருந்து சாணம் கொண்டுவந்து கலந்து, கத்தரி நாற்று நடுவதுபோல் கழுத்துவரை அமுக்கி நட்டேன். காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். இரண்டு வாரம் கழித்து, மாதக் கடைசி ஞாயிறன்று, ஆறு சட்டிகளையும் இரண்டு கூடைகளில் வைத்து ரயிலேறினேன். வழியெல்லாம் எனக்குப் பெருமை வேறு.

கிள்ளானில் கதவைத் திறந்தவர் முதலில் என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு சட்டிகளைப் பார்த்தார். ஒரு குட்டியை மெல்ல இழுத்தார். அடி அழுகி, கையோடு வந்தது.

"தேத்தண்ணி குடியுங்கோ முதல்ல" என்றார்.

நான் குடித்துக்கொண்டிருக்க, அவர் சட்டிகளைக் கவிழ்த்து மண்ணைக் கொட்டினார். குட்டிகளைக் கழுவி, அழுகியதை நறுக்கி, வெட்டுவாயில் அடுப்புச் சாம்பல் தடவினார். வேறு சட்டிகளில் அடுப்புக்கரியும் செங்கல் உடைசலும் நிரப்பி, தென்னை நாரால் ஒவ்வொன்றையும் குச்சியோடு கட்டினார். "இது காத்தைத்தான் தின்னும், ஐசே. மண்ணுக்குள்ள மூச்சு முட்டிப்போகும்." அவ்வளவுதான் சொன்னார், அதையும் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

"கோவிச்சுக்காதீங்க" என்றேன். "சரி, சரி" என்றார். ஆறில் ஒன்று பிழைத்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். அவருடைய பிழைப்பை என் கையாலேயே அழுகவைத்துவிட்டேன், இனி எந்த முகத்தோடு போவது என்று இருந்துவிட்டேன். ஐந்து ஆண்டுகள்.

புதன்கிழமை சடங்குக்குப் போனேன். அவர் ஒரு மளிகைக் கடையில் கணக்கெழுதிக் காலத்தை ஓட்டியிருக்கிறார். கொல்லையில் ஓலைப்பந்தலின் கீழ் வரிசையாக ஆர்க்கிட் சட்டிகள் தொங்கின. எல்லாம் பிழைத்த அந்த ஒன்றின் வழி வந்தவையாம். எல்லோரும் போன பிறகு அவர் மனைவி என்னிடம் வந்தார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஆர் வந்தாலும் இந்தச் சட்டியளைக் காட்டி உங்களைப் பற்றித்தான் கதைப்பார், அண்ணை. 'வேலை போன பிறகு ஒருத்தரும் என்னைத் தேடி வரேல்லை. இந்த மனுசன் ஆறு சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவர்' எண்டு சொல்லுவார். மாசக் கடைசி ஞாயிறில ரயில் வாற நேரத்துக்கு வாசல்ல போய் நிப்பார். நீங்கள் ஏன் பிறகு வரேல்லை?"

கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு நீண்ட பயணம் ஒன்றுமில்லை. ரயில்வே ஊழியனுக்குப் பாஸ் உண்டு, சட்டைப்பையிலேயே இருந்தது. அவர் கோபமாக இருப்பார் என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டு, அந்தத் தீர்ப்புக்குப் பயந்து கிடந்தேன்.

போய் வாருங்கள், மிஸ்டர் இராசையா. நீங்கள் வாசலில் நின்ற அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு எந்த வேலையும் இருக்கவில்லை. வீட்டில்தான் இருந்தேன். உங்கள் வீட்டில்.